டென் ஹாக் போன வாரம்: குருநகர் சலூன் ஒன்றில் யுனைடெட் ரசிகர்கள்

2024 ஒக்டோபர் 28, திங்கட்கிழமை. இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகம் மன்செஸ்டர் யுனைடெட் தன் மனேஜர் எரிக் டென் ஹாக்கை வேலையில் இருந்து நிறுத்தியது. செய்தி வரும்போது யாழ்ப்பாணத்தில் பின்னேரம் 5 மணியளவு. ரியூசன் முடிந்த பெடியள் சைக்கிளைச் சாத்திவிட்டுச் சலூன் வாங்கில் வந்து குந்துகிற நேரம். குருநகரில் நான் முடி வெட்டுகிற சலூனில் அந்த வாங்கு எப்போதும் நிறைந்துதான் இருக்கும். அதில் பாதிப் பேருக்கு முடி வெட்டுகிற எண்ணமே இருக்காது. சுவரில் ஒரு ரிவி, கண்ணாடிக்கு மேலே நிறம் மங்கிய யுனைடெட் கொடி, மூலையில் அந்தோனியார் படம். கடைக்காரர் இருபது வருடத்துக்கு மேலாக யுனைடெட் ஆள். கதிரையில் இருப்பவர் லிவர்பூல் என்று தெரிந்தால் கத்திரி கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

அந்த வாங்கில் அந்த வாரம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மனேஜரை நீக்கும்போது ரசிகர்கள் யார் மேல், எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்பது கேள்வி. வெளியில் இருந்து பார்ப்பவர் தோற்றால் கோபம், நீக்கினால் சந்தோசம் என்று லேசாகச் சொல்லிவிடுவார். குருநகரில் நான் கண்டது அப்படி இல்லை. நீக்கியது பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் பெரிய சந்தோசமும் இல்லை. கோபம் இருந்தது, அது டென் ஹாக் மேல் இல்லை. நாலு மாதத்துக்கு முன்னர் அவருக்கு ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்தவர்கள் மேல்தான் அவ்வளவும். அது சரியான இடத்தில் விழுந்த கோபம் என்பது என் முடிவு. நான் ஆர்சனல் ஆதரவாளன், யுனைடெட் தோற்றால் எனக்கு நித்திரை நன்றாக வரும். அதையும் மனதில் வைத்து மிச்சத்தை வாசியுங்கள்.

ஞாயிறு இரவு

நீக்கத்துக்கு முதல் நாள் யுனைடெட் லண்டனில் வெஸ்ட் ஹாமுடன் விளையாடியது. அங்கே பிற்பகல் 2 மணி ஆட்டம். கோடை காலத்தில் அது எங்களுக்கு 6.30. ஆனால் இங்கிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைப்பது ஒக்டோபர் கடைசி ஞாயிறு, அதாவது அதே நாள். ஆகவே இங்கே 7.30. வருடா வருடம் நடக்கிற இந்த விசயத்தை வருடா வருடம் மறக்கிறவர்கள் இருக்கிறார்கள். 6.30க்கே வந்து குந்தியிருந்த மூன்று பெடியள் ஒரு மணித்தியாலமாக ரோல்ஸ் தின்று, தேர்தல் வாகனங்களின் ஒலிபெருக்கியைத் திட்டித் தீர்த்தார்கள். பாராளுமன்றத் தேர்தல் நவம்பர் 14 இல். ஒவ்வொரு பத்து நிமிசத்துக்கும் ஒரு கட்சி றோட்டால் போய்க்கொண்டிருந்த காலம் அது.

முதல் பாதியில் யுனைடெட் நன்றாகத்தான் விளையாடியது. டியோகோ டாலோட் கோல் காப்பாளரையும் தாண்டிப் போய், வெறும் கோலுக்கு முன் நின்று பந்தை மேலே அடித்தார். கடைக்காரர் சவர அலகைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் ஒரு வெற்றிலை போட்டுக்கொண்டு வந்தார். 74ஆவது நிமிடம் சம்மர்வில் வெஸ்ட் ஹாமுக்கு அடித்தார், 81இல் கசமீரோ சமன் செய்தார். ஆட்டம் முடியப் போகிற நேரம், யுனைடெட்டின் டி லிக்ட் வெஸ்ட் ஹாமின் டானி இங்ஸை விழுத்தினார் என்று வீ.ஏ.ஆர். (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவுகிற முறை) நடுவரைத் திரைக்குக் கூப்பிட்டது. பெனால்ட்டி. போவன் அடித்தார். 2-1.

அது பெனால்ட்டியே இல்லை என்று அன்று வாங்கில் எல்லோரும் சொன்னார்கள். ரசிகர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் பேசாமல் இருந்தேன். இங்கிலாந்து நடுவர்களுக்குப் பொறுப்பான ஹோவர்ட் வெப் பின்னர் அதையே சொன்னார்: அந்த இடத்தில் வீ.ஏ.ஆர். தலையிட்டிருக்கக் கூடாது. ஒரு மனேஜரின் வேலையைப் பறித்த கடைசி ஆட்டத்தின் முடிவு பிழையான தீர்ப்பில் வந்தது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பெனால்ட்டியால் அவர் போகவில்லை. அதுவரை 9 லீக் ஆட்டங்களில் 3 வெற்றி, 2 சமநிலை, 4 தோல்வி. 11 புள்ளி, 14ஆம் இடம். 9 ஆட்டத்தில் அடித்த கோல் வெறும் 8. லிவர்பூலும் டொட்டன்ஹாமும் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்ட் ட்ரஃபோர்டுக்கே வந்து ஆளுக்கு மூன்று போட்டுவிட்டுப் போயிருந்தன. ஐரோப்பா லீக்கில் மூன்று ஆட்டமும் சமநிலை.

திங்கள் முதல் தீபாவளி வரை

செய்தி வந்ததும் வாங்கில் முதலில் கேட்டது ஒரு பெருமூச்சு. “அப்பாடா, கதை முடிஞ்சுது.” சொன்னவர் மின்சார வேலை செய்கிற முப்பது வயதுக்காரர். ஏன் அப்பாடா என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது: ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஆளை வைச்சிருக்கிறதோ விடுகிறதோ என்று வீட்டிலும் வேலையிலும் வாதாடிக் களைத்துவிட்டாராம். ரீம் நாளைக்கே நன்றாக விளையாடும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாதம் முடிந்ததே போதும்.

அரை மணித்தியாலத்துக்குள் லிவர்பூல்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். “உங்கட மனேஜரை நிப்பாட்டிப் போட்டாங்களாம். எங்களுக்குத்தான் கவலை, கண்டியளோ. இன்னும் ரெண்டு வருசம் வைச்சிருந்திருக்கலாம்.” ஒருவரும் பதில் சொல்லவில்லை. வழமையில் பதில் சொல்லாமல் விடுகிற ஆட்கள் இல்லை அவர்கள்.

அப்புறம் கணக்கு. பணம் எவ்வளவு போகும்? டென் ஹாக்கையும் அவருடன் வந்த உதவியாளர்களையும் அனுப்பிய செலவு 10.4 மில்லியன் பவுண் என்று கழகத்தின் நிதி அறிக்கை நவம்பர் கடைசியில் சொன்னது. எங்கள் காசில் 400 கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அன்று அந்தத் தொகை தெரியாது. ஆனாலும் வாங்கில் இருந்தவர்கள் தோராயமாக இதற்குக் கிட்டத்தான் வந்தார்கள். லண்டனில் இருக்கும் மருமகனுக்குப் போன் போட்டு விசாரித்தவரும் உண்டு. வேலையை ஒழுங்காகச் செய்யாததற்கு இவ்வளவு காசா என்று பெடியள் சிரித்தார்கள். வயதான ஒருவர் சிரிக்கவில்லை.

“ஆளைக் கூப்பிட்டுச் சொன்னவங்களோ, இல்லாட்டிப் போனிலயோ?” என்று கேட்டார்.

காலையில் நேரில் கூப்பிட்டுத்தான் சொன்னார்கள் என்று செய்திகளில் வந்திருந்ததைச் சொன்னோம். “சரி, அப்ப மரியாதையாத்தான் அனுப்பியிருக்கிறாங்கள்” என்றார். இந்தக் கேள்வி எங்கே இருந்து வருகிறது என்று விளங்க, இந்தக் கரையோரத்து உதைபந்தாட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குருநகர் பாடும்மீன், நாவாந்துறை சென் மேரிஸ், பாசையூர் சென் அன்ரனிஸ் என்று அடுத்தடுத்த ஊர்களில் பேர்பெற்ற கழகங்கள் இருக்கின்றன. ஊர்க் கழகங்களில் பயிற்றுவிப்பவர் அநேகமாகப் பழைய வீரர், இல்லாவிட்டால் உடற்கல்வி ஆசிரியர். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அவரை நீக்கினால் அடுத்த ஞாயிறு பூசையில் பக்கத்து வாங்கில் அவரைச் சந்திக்க வேண்டும். அவருடைய தம்பி உங்களுடன் கடலுக்கு வருவார், மகள் உங்கள் மகளோடு படிப்பாள். ஆகவே இங்கே யாரும் யாரையும் நீக்குவதில்லை. அடுத்த பருவம் வேறொருவர் விசிலோடு நிற்பார், முந்தியவர் மதிலடியில் நின்று பார்ப்பார், இரண்டு பக்கமும் ஒன்றும் நடக்காத மாதிரிக் கதைக்கும். அப்படிப் பழகிய ஒருவருக்கு மன்செஸ்டர் செய்தியில் முதலில் கண்ணில் படுவது அனுப்பிய விதம். என் பார்வையில் அந்த வாரம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் அதுவும் ஒன்று.

புதன் இரவு லெஸ்டருடன் லீக் கிண்ண ஆட்டம். இடைக்கால மனேஜர் ரூட் வான் நிஸ்டெல்ரோய். இங்கே அது வியாழன் அதிகாலை 1.15, தீபாவளி விடியல். குருநகர் பெரும்பாலும் கத்தோலிக்க ஊர். என்றாலும் அடுத்த நாள் விடுமுறை எல்லோருக்கும்தானே. சலூன் பூட்டியிருந்தது, கடைக்காரரின் வீட்டு விறாந்தையில் கூடினார்கள். யுனைடெட் 5-2. வான் நிஸ்டெல்ரோய் 2001 இல் இருந்து 2006 வரை யுனைடெட்டுக்கு 219 ஆட்டத்தில் 150 கோல் அடித்தவர். கடைக்காரருக்கு அவர் வெறும் இடைக்கால ஆள் இல்லை. ஏ9 வீதி 2002 இல் திறந்த பிறகு கொழும்பில் இருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி கொடுத்த ஜேர்சியில் அச்சடித்திருந்த பெயர் அது. அந்தத் துணிக்காகத்தான் இந்தக் கழகத்தையே பிடித்தாராம். இவரையே வைத்துக்கொள்ளலாமே என்று மூன்று மணிக்கு அவர் சொன்னபோது, ஒரு பெடியன் கையில் இருந்த போனைக் காட்டி, லிஸ்பனில் இருந்து ரூபன் அமோரிம் புதிய மனேஜராக வரப் போகிற செய்தியை வாசித்தான். திங்கள் போன டென் ஹாக்கைப் பற்றி அந்த விறாந்தையில் ஒரு சொல்லும் வரவில்லை.

ஜூலை

ஆனால் ஜூலையைப் பற்றி வந்தது. திங்களும் வந்தது, செவ்வாயும் வந்தது, விறாந்தையிலும் வந்தது. இந்த ஆய்வின் மையம் இதுதான்.

டென் ஹாக் 2022 கோடையில் நெதர்லாந்தின் அயக்ஸ் கழகத்தில் இருந்து வந்தார். முதல் பருவம் மூன்றாம் இடம், லீக் கிண்ணம். லிவர்பூலின் அன்ஃபீல்ட் மைதானத்தில் 7-0 தோல்வியும் அதே பருவத்தில்தான், என்றாலும் மொத்தத்தில் நல்ல பருவம். இரண்டாவது பருவம் எட்டாம் இடம். பிரீமியர் லீக் தொடங்கியதில் இருந்து அதுவரை யுனைடெட் அவ்வளவு கீழே முடித்திருக்கவில்லை. அடித்த கோலை விட வாங்கிய கோல் ஒன்று கூடுதல். சம்பியன்ஸ் லீக்கில் குழுவில் கடைசி. இதற்கிடையில் 2024 பெப்ரவரியில் ஜிம் ராட்க்ளிஃப் கழகத்தில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூடுதலான பங்கை வாங்கி, உதைபந்தாட்ட நிர்வாகத்தைக் கழக உரிமையாளரான கிளேசர் குடும்பத்திடம் இருந்து தன் கைக்கு எடுத்திருந்தார். எஃப்.ஏ. கிண்ண இறுதிக்கு முன்னரே டென் ஹாக் போகப் போகிறார் என்று பத்திரிகைகள் எழுதின.

மே 25 அன்று இறுதிப் போட்டியில் யுனைடெட் மன்செஸ்டர் சிட்டியை 2-1 என்று வென்றுவிட்டது. கோல் அடித்தவர்கள் கர்னாச்சோ, மைனூ. அதன் பிறகு நிர்வாகம் வேறு சிலருடன் பேசிப் பார்த்தது, பொருத்தமான ஒருவர் கிடைக்கவில்லை. ஜூலை 4 அன்று டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை 2026 வரை நீட்டினார்கள். வேறு ஆள் இல்லையென்றால் இருப்பவரோடு ஒரு பருவம் ஓட்டுவது விளங்கக்கூடியது. அவருக்கு ஏற்கெனவே ஒரு வருட ஒப்பந்தம் மிச்சம் இருந்தது. அதை நீட்டியது ஏன்? அதே ஜூலையில்தான் செலவைக் குறைக்க என்று கழகத்தில் சுமார் 250 பேரின் வேலையை எடுக்கப் போவதாகச் சொன்னார்கள். பிறகு டி லிக்ட், மஸ்ராவி என்று டென் ஹாக்கிடம் அயக்ஸில் விளையாடிய ஆட்களை வாங்கிக் கொடுத்தார்கள். யோரோ, சிர்க்சே, உகார்ட்டே ஆகியோரையும் சேர்த்தால் அந்தக் கோடைச் செலவு 200 மில்லியன் பவுணுக்குக் கிட்ட. இவ்வளவும் செய்துவிட்டு ஒன்பதாவது லீக் ஆட்டத்தோடு ஆளை அனுப்பினார்கள்.

சலூனில் இதை வெட்டிப் பேசியவர் சொந்தமாக இரண்டு படகு வைத்திருக்கும் ஒரு சம்மாட்டி. உதைபந்தாட்டம் அவ்வளவு பார்ப்பதில்லை, மகனுக்காகத்தான் வாங்கில் இருந்தார். “ஓட்டி சரியில்லை எண்டு தெரிஞ்சால் தொழில் துடங்க முதல் மாத்தோணும். அவன் கேட்ட வலையெல்லாம் வாங்கிக் குடுத்து, நடுக்கடலுக்கும் அனுப்பிப்போட்டு, அங்க வைச்சு ‘இறங்கு’ எண்டுறதோ? உது ஓட்டியின்ர பிழையில்லைத் தம்பி, முதலாளியின்ர பிழை.”

மகன் அதை மறுக்கப் பார்த்தான். கிண்ணம் வென்ற ஆளை எப்படி நீக்குவது, ஊர் சிரிக்காதா என்றான். மின்சார வேலைக்காரர் அதற்கு ஒரு உதாரணம் வைத்திருந்தார். 2016 மே 21 அன்று லூயி வான் கால் யுனைடெட்டுக்கு எஃப்.ஏ. கிண்ணத்தை வென்று கொடுத்தார். 23ஆம் திகதி அவரை அனுப்பினார்கள். அது முகத்தில் அடித்த மாதிரித்தான் இருந்தது. ஆனால் அடுத்து வந்த மொரீனியோவுக்கு ஒரு முழுக் கோடை கிடைத்தது, தனக்கு வேண்டிய ஆட்களை வாங்கினார், முதல் பருவத்திலேயே இரண்டு கிண்ணம் வந்தது. 2024 இல் மனிதாபிமானமாக நடந்துகொண்டது போல் தோன்றியது உண்மையில் முடிவெடுக்கப் பயந்தது. ஒரு நல்ல சனிக்கிழமை ஒரு மோசமான வருடத்தை மறைக்க விட்டார்கள். இது என் வசனம். அவர் சொன்னது இதைவிடக் காரமானது, எழுத்தில் வராது.

ரசிகர்கள் உணர்ச்சியில் பேசுகிறார்கள், நிர்வாகம் கணக்குப் பார்த்து முடிவெடுக்கிறது என்று ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த வழக்கில் கணக்குப் பார்த்தது வாங்கு. கிண்ண வெற்றியின் உணர்ச்சியில் ஒப்பந்தம் எழுதியது நிர்வாகம்.

பேர்கி வாதம்

எந்த யுனைடெட் மனேஜரின் நீக்கமும் இந்த வாதம் இல்லாமல் முடியாது: “பேர்கியையும் மூண்டரை வருசம் பொறுத்தவங்கள்தானே.” பேர்கி என்று கூப்பிடப்படும் அலெக்ஸ் பெர்குசன், 1986 நவம்பரில் மனேஜராக வந்து, 1989 டிசம்பரில் எல்லோரும் போகச் சொன்ன ஆள். மூன்று வருடமாகச் சாட்டுச் சொன்னது போதும், போய் வா என்ற கருத்தில் ஒரு ரசிகர் மைதானத்திலேயே பதாகை பிடித்தார். அந்தப் பருவம் யுனைடெட் 13ஆம் இடம். 1990 ஜனவரியில் நொட்டிங்ஹாம் ஃபொரஸ்டுக்கு எதிராக மார்க் ரொபின்ஸ் அடித்த ஒரு கோல், மே மாதம் எஃப்.ஏ. கிண்ணம், பிறகு 2013 வரை அவர் வென்று குவித்தது உலகத்துக்கே தெரியும்.

இதைச் சொன்னது கடைக்காரர் இல்லை, இருபது வயது கூட ஆகாத ஒரு பெடியன். பெர்குசன் ஓய்வு பெறும்போது அவன் ஆரம்பப் பாடசாலை. யுனைடெட் லீக் வென்றதை அறிவு தெரிந்து அவன் பார்த்ததே இல்லை. பொறுமை வேண்டும் என்று அதிகம் பேசியது இந்த வயதுக்காரர்கள்தான். பழைய ஆட்கள் பொறுமை இழந்திருந்தார்கள். நான் எதிர்மாறாக எதிர்பார்த்திருந்தேன். யோசித்தால் காரணம் விளங்குகிறது: பெடியளுக்குப் பெர்குசன் என்பது இரண்டு நிமிட வீடியோவில் வருகிற ஆள். அந்த வீடியோவில் மூன்றரை வருடக் கஷ்டம் மூன்று செக்கனில் போய்விடும்.

எனக்கு இந்த வாதம் எப்போதுமே ஒட்டுவதில்லை. பெர்குசன் அந்த மூன்றரை வருடத்தில் தோற்றார்தான். ஆனால் இளையோர் அணியையும், ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வேலையையும் அடியில் இருந்து திருத்திக்கொண்டிருந்தார். பொறுத்தவர்களுக்குக் கண்ணில் காட்ட ஏதோ இருந்தது. டென் ஹாக்கின் மூன்றாம் பருவத்தில் அப்படிக் காட்ட என்ன இருந்தது என்று அந்தப் பெடியனிடம் கேட்டேன். இளையோர் அணியில் இருந்து மேலே வந்த மைனூ என்றான். சரி, அது நியாயமான பதில். வேறு என்றேன். யோசித்துவிட்டு, “பொறுங்கோ அண்ணை, முடியை வெட்டிப்போட்டு வாறன்” என்று கதிரையில் போய் ஏறினான்.

பிறகு நடந்தவை

வான் நிஸ்டெல்ரோய் நாலு ஆட்டம் பொறுப்பில் இருந்தார்: மூன்று வெற்றி, செல்சியுடன் ஒரு சமநிலை. அமோரிம் வந்ததும் அவரும் போனார். அமோரிம் பருவ முடிவில் வரத்தான் விரும்பினார், இப்போது வராவிட்டால் இல்லை என்று கழகம் சொல்லிவிட்டது. நடுப் பருவத்தில், வேறொருவரின் ஆட்களோடு, பயிற்சிக்கு நேரமில்லாமல் புதிய ஆட்ட முறை. லீக்கில் 15ஆம் இடம், 42 புள்ளி. எட்டாம் இடம் கேவலம் என்றவர்கள் இப்போது அதற்கு ஏங்கினார்கள். 2025 மே 21 அன்று பில்பாவோவில் ஐரோப்பா லீக் இறுதியில் டொட்டன்ஹாமிடம் 1-0 தோல்வி. அந்த இரவு சலூன் பக்கம் நான் போகவில்லை. ஆர்சனல்காரனுக்கும் சில இடங்களில் இங்கிதம் வேண்டும், அதுவும் டொட்டன்ஹாம் வென்ற இரவில்.

விளையாட்டு இயக்குநராக ஜூலையில் வேலையைத் தொடங்கிய டான் ஆஷ்வொர்த்தும் டிசம்பரில் போய்விட்டார். 2025 மார்ச்சில் ராட்க்ளிஃப் நேர்காணல்களில் வாய்திறந்தார்: டென் ஹாக்கை வைத்துக்கொண்டதும் ஆஷ்வொர்த்தை எடுத்ததும் தங்கள் பிழை என்று ஒப்புக்கொண்டார். படகுக்காரரின் மகன் அதைத் தகப்பனுக்கு வாசித்துக் காட்டினானாம். “உதுக்கு அஞ்சு மாசமோ?” என்றாராம் அவர்.

டென் ஹாக்கின் கதை இன்னும் ஒரு தரம் வாங்குக்கு வந்தது. 2025 கோடையில் அவர் ஜேர்மன் கழகமான பாயர் லெவர்குசனில் பொறுப்பேற்றார். பருவம் தொடங்கி இரண்டே லீக் ஆட்டம். செப்டெம்பர் 1 அன்று அங்கேயும் நிறுத்திவிட்டார்கள். சலூன் குலுங்கிச் சிரித்தது. “எங்கட ஆக்கள் ரெண்டு வருசமாக் கண்டுபிடிக்காததை ஜேர்மன்காரன் ரெண்டு மட்ச்சில கண்டுபிடிச்சிட்டான்!”

நல்ல பகிடி. ஆனால் நான் ஏற்கவில்லை. அந்தக் கோடையில் லெவர்குசன் விர்ட்ஸ், ஃப்ரிம்பொங், ஷாக்கா, ஜொனதன் டா என்று ரீமின் முதுகெலும்பையே விட்டிருந்தது. இரண்டு லீக் ஆட்டத்தில் யாரையும் எடை போட முடியாது. கோடையில் ஆளை எடுத்ததே பிழை என்றால் அது எடுத்தவர்களின் பிழை, மன்செஸ்டர் கதையின் சுருக்கப் பதிப்பு. இதைச் சொன்னதும் கடைக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “உங்கட ஆள் ஆர்ட்டெட்டா இன்னும் லீக் அடிக்கேல்லைத்தானே தம்பி, நீங்கள் மனேஜர்மாருக்காகக் கதைக்கத்தான் செய்வியள்” என்றார். அதற்குமேல் அன்று என்னால் வாதாட முடியவில்லை. அலகு என் கழுத்தில் இருந்தது.